380 வெள்ளிக்கு (ரிங்கிட்) சுங்கை பூலோவுல வாங்குன பழைய ஆபீஸ் நாற்காலி: 14 மாசம் உக்காந்துட்டு எழுதுறேன்

மொதல்லயே சொல்லிடுறேன், இது புது நாற்காலி இல்ல. எங்கயோ ஒரு ஆபீஸ் மூடுனப்ப மொத்தமா லோரியில ஏத்திட்டு வந்து கோலாலம்பூருக்கு வெளிய சுங்கை பூலோ பக்கம் ஒரு கிடங்குல அடுக்கி வச்சிருந்தாங்க, அதுல ஒன்னு. பிராண்டு பேர் போட்ட பிளாஸ்டிக்க எவனோ நோண்டி எடுத்துட்டான். ஆனா அடியில அந்த ஆபீஸ் சொத்து நம்பர் ஸ்டிக்கர் மட்டும் இன்னும் கெட்டியா ஒட்டிட்டு இருக்கு, தொடைச்சாலும் போகல. பரவால்ல, அதுவும் ஒரு காலத்துல எனக்கு மாதிரியே எம்ப்ளாயி நம்பரோட வேலை செஞ்சிருக்குன்னு விட்டுட்டேன்.

நான் பாக்குறது இன்வாய்ஸ் வேலை. 2020 மார்ச் 18, கொரோனாவுக்காக எம்சிஓ (நடமாட்டக் கட்டுப்பாடு) ஆரம்பிச்ச அன்னைக்கு லேப்டாப்ப தூக்கிட்டு வீட்டுக்கு வந்தவ, அதுக்கப்புறம் ஆபீஸ் பக்கம் போறது மாசத்துக்கு ரெண்டு மூணு நாள்தான். கம்பெனி லேப்டாப் கொடுத்தாங்க, மவுஸ் கொடுத்தாங்க. நாற்காலி? அது உங்க பாடுன்னுட்டாங்க. 2023 ஜனவரி 1-லருந்து சட்டம் மாறி, வேலை இடத்தையோ நேரத்தையோ மாத்திக் கேட்டு எழுதிக் கொடுத்தா முதலாளி 60 நாளுக்குள்ள எழுத்துல பதில் சொல்லணும்னு வந்துச்சுல்ல, அதுல எழுதிக் கொடுத்துதான் வீட்டு வேலைய முறையா வாங்குனேன். நாற்காலிக்கு மட்டும் ஒரு சட்டமும் வரல.

மொதல் ஒன்றரை வருசம் சாப்பாட்டு மேசை நாற்காலி, மர நாற்காலி, அது மேல தலகாணி. அப்புறம் 2021 கடைசியில, சேல் போட்டுட்டு இருந்தாங்க, கறுப்பு சிவப்புல ரேஸ் காடி சீட்டு மாதிரி ஒரு கேமிங் சேர் 599 வெள்ளிக்கு வாங்குனேன். பாக்க பயங்கர கெத்து. வீடியோ கால்ல எல்லாரும் வாவ்னு சொன்னாங்க. ரெண்டு வருசம் ஆகல, தோல் உரிய ஆரம்பிச்சிருச்சு, பாம்பு சட்டை மாதிரி. தரையெல்லாம் கறுப்பு கறுப்பா துணுக்கு, என் துணி முதுகுல துணுக்கு, எங்க மாமி கூட்டி அள்ளிட்டு வந்து "இது என்ன கரப்பான் முட்டையா"ன்னு கேட்டாங்க. அப்புறம்தான் விசாரிச்சேன். பியூ லெதர்னு போடுறது துணி மேல பூசுன பாலியூரித்தேன். நம்ம ஊரு சூட்டுக்கும் ஈரக்காத்துக்கும் அந்தப் பூச்சு தண்ணியோட சேந்து உள்ளுக்குள்ளயே சிதைஞ்சு போகும், நீங்க உக்காரவே வேணாம், சும்மா மூலையில வச்சிருந்தாலும் உரியும். கோலாலம்பூர்ல இருந்துட்டு பியூ லெதர் வாங்குறவங்களுக்கு நான் ஒன்னும் சொல்றதுக்கு இல்ல, நானும் வாங்குனவதான்.

தோல் உரிஞ்சது கூட பெருசு இல்ல, இடுப்பு போயிருச்சு. காலையில பல் விளக்க குனிஞ்சா நிமிர முடியல. அரசாங்க கிளினிக்குல ஒரு வெள்ளி கட்டி காத்துக் கிடந்து டாக்டரப் பாத்தேன், அவங்க பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்தாங்க. பிசியோ நம்ம தமிழ்ப் பொண்ணுதான், என்னை விட சின்னவ. "அக்கா, எக்ஸர்சைஸ் அப்புறம் சொல்றேன், மொதல்ல நீங்க உக்காந்து வேலை செய்றத பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்து காட்டுங்க"ன்னா. வீட்டுக்காரர எடுக்கச் சொல்லி அடுத்த தடவை காட்டுனேன். பாத்துட்டு சிரிச்சிட்டா. "அக்கா, நீங்க நாற்காலியோட நுனியில உக்காந்திருக்கீங்க, முதுகுக்கும் சாயுற பலகைக்கும் நடுவுல ஒரு பூனை படுத்துக்கலாம்."

விஷயம் இதுதான். நான் 155 செண்டி. அந்த சீட்டு நீளம் ஆறடி ஆளுக்கு செஞ்சது. முழுசா பின்னாடி தள்ளி உக்காந்தா முட்டிக்குப் பின்னால சீட்டு விளிம்பு இடிக்கும், அதனால என்னை அறியாமயே முன்னாடி முன்னாடி வந்து நுனியில தொங்கிட்டு இருந்திருக்கேன், ரெண்டு வருசமா. அவ சொல்லிக் கொடுத்த கணக்கு ரொம்ப சுலபம்: முதுகு முழுசா சாஞ்சு உக்காந்த பிறகும் சீட்டு விளிம்புக்கும் முட்டி மடிப்புக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் போகணும். பாதம் ரெண்டும் தட்டையா தரையில இருக்கணும். இது ரெண்டும் இல்லாத நாற்காலி ஐயாயிரம் வெள்ளின்னாலும் எனக்கு உதவாது. சீட்டு ஆழத்த முன்ன பின்ன தள்ளுற லீவர் இருக்குற நாற்காலியா பாருங்கக்கா, புதுசு வேணாம், பழைய ஆபீஸ் நாற்காலி கிடங்குக்குப் போங்கன்னு சொன்னதும் அவதான்.

எங்க வீட்டுப் பக்கம் செந்தூல் பாராட்ல எம்ஆர்டி ஏறுனா ஒரே ட்ரெயின், நேரா சுங்கை பூலோ. அங்கருந்து கிராப் டாக்சி. கம்போங் பாரு சுங்கை பூலோ பக்கமெல்லாம் வழி பூரா தளவாடக் கடைதான், பூச்செடி நர்சரிதான். நான் போன கிடங்கு கொஞ்சம் உள்ள தள்ளி, போர்டு கூட சரியா இல்ல. உள்ள நுழைஞ்சா நாற்காலிக் காடு. ஒன்னு மேல ஒன்னு, கூரை வரைக்கும். தவுக்கே (கடை முதலாளி) சிங்லெட் போட்டுட்டு ஃபேன் முன்னாடி உக்காந்திருந்தார். அவர் உக்காந்திருந்தது பிளாஸ்டிக் ஸ்டூல்ல, அதையும் சொல்லணும்.

மொதல்ல அவர் காட்டுனது ஏரோன். நாற்காலி பைத்தியங்களுக்குத் தெரியும், அமெரிக்காவுல ஹெர்மன் மில்லர் கம்பெனி 1994-ல விட்ட மாடல், பில் ஸ்டம்ப்பும் டான் சாட்விக்கும் வரைஞ்சது, பஞ்சே இல்லாம வெறும் வலையில உக்கார வச்ச நாற்காலி. சும்மா சொல்லக்கூடாது, உக்காந்தா முதுகுல காத்து போகுது, நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி. ஆனா அது ஏ, பி, சின்னு மூணு சைஸ்ல வரும். முதுகுப் பலகை மேல் விளிம்புக்குப் பின்னால கை விட்டுத் தடவுனா புள்ளி மாதிரி மேடு தட்டுப்படும், ஒரு புள்ளி ஏ, ரெண்டு பி, மூணு சி. அங்க இருந்ததெல்லாம் மூணு புள்ளி. என்னை உக்கார வச்சா தொட்டில்ல போட்ட குழந்தை மாதிரி இருந்தேன். விலை 1,800 வேற. கும்பிடு போட்டுட்டு நகந்துட்டேன். நீங்க பழசு வாங்கப் போனா அந்தப் புள்ளிய எண்ணாம காசு கொடுத்துடாதீங்க, அவ்வளவுதான்.

அப்புறம் ஒரு மணி நேரம் ஒவ்வொன்னா இழுத்துப் போட்டு உக்காந்தேன். வெக்கப்படாம உக்காருங்க. பத்து நிமிசமாவது ஒரே நாற்காலியில உக்காந்து போனப் பாருங்க, கை தூக்கி டைப் பண்ற மாதிரி வச்சுப் பாருங்க. கடைசியா ஒன்னு கெடச்சுச்சு: முதுகு வலை, சீட்டு பஞ்சு, சீட்டு ஆழம் தள்ளலாம், இடுப்புக்கு முட்டுக் கொடுக்குற பலகை மேல கீழ போகும், கைப்பிடி ஏறும் இறங்கும் பக்கத்துல வரும். மூணு விரல் கணக்கு சரியா வந்துச்சு. 450 சொன்னார். "போஸ், குராங் சிக்கிட் லா"ன்னு கொஞ்சம் கொறைக்கச் சொன்னேன், "சுடா முரா லா அமோய்"ன்னார், ஏற்கனவே மலிவுதான் சின்னப் பொண்ணேன்னு. நாப்பத்திரெண்டு வயசுல என்னை அமோய்னு கூப்பிட்டதுக்கே 450 கொடுத்திருக்கலாம், இருந்தாலும் பேசிப் பேசி 380-ல முடிஞ்சுச்சு. மூணு மாசம் வாரண்டின்னார். வாயால. பேப்பர்ல ஒன்னும் இல்ல.

தம்பி வேன்ல ஏத்திட்டு வந்தோம், அவனுக்கு வாழையிலை சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். வீட்டு வாசல்ல மாமி நிறுத்திட்டாங்க. "எவன் எவன் உக்காந்ததோ, வியாதிக்காரனோ என்னவோ"ன்னு மஞ்சத்தண்ணி தெளிச்சப்புறம்தான் உள்ள விட்டாங்க. சிரிக்காதீங்க, அவங்க பயத்துல பாதி நியாயம் இருக்கு. பழைய நாற்காலியில மூட்டைப்பூச்சி வரலாம், பஞ்சு சீட்டோட தையல் மடிப்புலதான் ஒளிஞ்சிருக்கும். கடையிலயே போன் டார்ச் அடிச்சு தையல பிரிச்சுப் பாருங்க, கறுப்புப் புள்ளி புள்ளியா இருந்தா அந்த நாற்காலியத் தொடாதீங்க. நான் பாத்துத்தான் வாங்குனேன், இருந்தும் சோப்புத் தண்ணியில தொடைச்சு காரிடார்ல ரெண்டு நாள் வெயில்ல போட்டேன். பக்கத்து வீட்டு ஆன்ட்டி விக்கிறதுக்குன்னு நினைச்சு விலை கேட்டுட்டாங்க.

இப்ப குறை. மூணாவது வாரம் ஒரு திங்கக்கிழமை சாயங்காலம், வெளிநாட்டு டீமோட கால், கேமரா ஆன். பேசிட்டே இருக்கேன், என் முகம் ஸ்க்ரீன்ல மெல்ல மெல்ல கீழ போகுது. நெத்தி மட்டும் தெரியுற வரைக்கும் நான் கவனிக்கல. எதிர்ல இருக்குறவங்க பாவம், மரியாதைக்கு ஒன்னும் சொல்லாம இருந்திருக்காங்க. கேஸ் சிலிண்டர் போயிருச்சு. நடுவுல இருக்குற அந்த இரும்புத் தூண்தான், உள்ள நைட்ரஜன் அடைச்சிருக்கும், சீல் தேஞ்சா காத்து கசிஞ்சு நாற்காலி தானா இறங்கும். தவுக்கேக்கு போன் போட்டேன், "பாவா டத்தாங் லா (கொண்டு வாங்க), நான் மாத்தித் தரேன்"னு சொன்னார். சொன்ன வாக்க மீறல, ஆனா செந்தூல்லருந்து நாற்காலிய அங்க கொண்டு போக வர வேன் செலவு யாரு கொடுக்குறது? வாயால சொன்ன வாரண்டி வாசல் வரைக்கும்தான். ஆன்லைன்ல கிளாஸ் 4னு தரம் போட்ட சிலிண்டர் 65 வெள்ளிக்கு வாங்கிட்டேன். அளவப் பத்தி பயப்படாதீங்க, பெரும்பாலான ஆபீஸ் நாற்காலிக்கு கீழ் பக்கம் 50 மில்லிமீட்டர், மேல் பக்கம் 28, ஒரே மாதிரிதான், உயரம் மட்டும் பாத்து வாங்கணும். மாத்துறதுதான் கூத்து. ஸ்க்ரூ எதுவும் கெடையாது, இறுகிப் போய் இருக்கும், எண்ணெய் அடிச்சு ஊற விட்டு ரப்பர் சுத்தியலால தட்டணும். வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் தட்டுனார், கீழ் வீட்டுக்காரர் மேல வந்துட்டார், அவரும் சேந்து தட்டுனார். வந்துச்சு.

கடையிலயே இத கண்டுபிடிச்சிருக்கலாம். முழு உயரத்துக்கு ஏத்தி உக்காந்துட்டு சுவத்துல ஒரு கோட்டப் பாத்துட்டே இருங்க, பத்து நிமிசத்துல அரை இஞ்ச் இறங்குனாலும் சிலிண்டர் தேஞ்சதுன்னு அர்த்தம். நான் உயரத்த ஏத்தவே இல்ல, மத்ததெல்லாம் பாத்துட்டு இத விட்டுட்டேன்.

சக்கரமும் மாத்த வேண்டி வந்துச்சு. ஆபீஸ்ல கார்பெட் போட்டிருப்பாங்க, அதுக்கு கெட்டி நைலான் சக்கரம். நம்ம வீட்டு மொசைக் தரையில அது வழுக்கிட்டு ஓடுது, சத்தம் வேற. மென்மையான பியூ சக்கரம் அஞ்சும் சேத்து 45 வெள்ளி, அப்படியே இழுத்தா கழண்டு வரும், குத்துனா உள்ள போகும். கம்பி தடிமன் பொதுவா 11 மில்லிமீட்டர், இக்கியா நாற்காலின்னா 10, அது மட்டும் பாத்துக்கங்க. (தோல் பூச்சுல திட்டுன அதே பியூவ சக்கரத்துல புகழுறேன்னு யாராவது கேப்பீங்க. சக்கரத்துல அது கெட்டியா வார்த்தது, தோல்ல சும்மா மெலிசா பூசுனது.)

ஆக உண்மையான விலை 490. கேமிங் சேர விட 109 வெள்ளி கம்மி, தம்பி சாப்பாடு சேக்காம.

இடுப்பு? மூணு மாசத்துல காலையில குனிய முடிஞ்சுது. நாற்காலி மட்டும் செஞ்சதுன்னு சொன்னா பொய். இன்னொரு பிரச்சனை மேசையில இருந்துச்சு. சாப்பாட்டு மேசை 75 செண்டி உயரம், என் உயரத்துக்கு அது அதிகம், தோள் தூக்கிக்கும். நாற்காலிய ஏத்துனா கை சரியாகுது, கால் தொங்குது. கால் வைக்க என்ன இருக்குன்னு தேடுனப்ப பூஜை ரூம்ல மணை கண்ணுல பட்டுச்சு, சரியான உயரம், நல்ல தேக்கு. அத எடுத்து மேசைக்குக் கீழ போட்டேன். மாமி பாத்தாங்க. என் கல்யாணத்துக்கு நானே உக்காந்த மணை அது. ரெண்டு நாள் என்கூட பேசல. அப்புறம் வீட்டுக்காரர் பழைய அலமாரிக் கதவ அறுத்து சாய்வா ஒரு கால் பலகை அடிச்சுக் கொடுத்தார், மணை மறுபடி சாமி ரூமுக்குப் போயிருச்சு, பேச்சுவார்த்தையும் ஆரம்பிச்சிருச்சு. லேப்டாப்புக்கு அடியில நாலு பழைய டைரி, கீபோர்டு தனியா. ஸ்க்ரீன் மேல் விளிம்பு கண்ணுக்கு நேரா வந்துச்சு. 20 நிமிசத்துக்கு ஒரு தடவை 20 அடி தூரத்த 20 செகண்டு பாக்கணும்பாங்கல்ல, எங்க ஜன்னல்ல மெர்டேக்கா 118 கோபுரம் தெரியுது, அடிக் கணக்குக்கு பஞ்சமே இல்ல.

இந்த நாற்காலியோட பெரிய ஆபத்து என்னன்னா, நல்லா இருக்கு. மர நாற்காலியில அரை மணிக்கு மேல உக்கார முடியாது, குத்தும், எந்திரிப்போம். இதுல உக்காந்தா மூணு மணி நேரம் போறது தெரியல. மொதல் மாசம் வேலை பறக்குது, மேனேஜர் பாராட்டுறார், நான் எந்திரிக்கவே இல்ல, முறுக்கு டின் கைக்கு எட்டுற தூரத்துல. எங்க வீட்டுல அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு சுகர். 2019 தேசிய சுகாதார ஆய்வுலயே மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவுன்னு வந்துச்சு, நம்ம இந்தியர்கள்ல அத விட அதிகம். பிசியோ பொண்ணு கிட்ட நாற்காலி சூப்பர்னு சொன்னப்ப அவ மூஞ்சியே சரியில்ல. "நல்ல நாற்காலின்னா நல்லா உக்காருவீங்கக்கா, எந்திரிக்கிறதுக்கு அதுல பட்டன் இருக்கா?"

போன்ல அலாரம் வச்சேன், அணைச்சுட்டு உக்காந்துட்டேன். கடைசியா வேலைக்கு ஆனது எவர்சில்வர் டம்ளர். ரெண்டு லிட்டர் பாட்டில தூக்கி அலமாரிக்குள்ள போட்டுட்டு, சின்ன டம்ளர் ஒன்னு மட்டும் மேசையில வச்சிருக்கேன், நாலு மடக்குல தீந்துரும், தாகம் எடுத்தா சமையல்கட்டுக்கு நடந்துதான் ஆகணும். நாளைக்கு பத்து பன்னெண்டு தடவை எந்திரிக்கிறேன், குடிச்ச தண்ணிக்கு இன்னும் சில தடவை. முறுக்கு டின்னும் இப்ப சமையல்கட்டுலதான், மேல் தட்டுல, ஸ்டூல் போட்டாதான் எட்டும். சாயங்காலம் ஆறரைக்கு வீடியோ கால் இல்லாத நாள்ல தித்திவங்சா ஏரிய ஒரு சுத்து. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150-லருந்து 300 நிமிசம் வேகமா நடக்குற மாதிரி மிதமான உடற்பயிற்சி செய்யச் சொல்லுது, நான் 150-ஐத் தொட்டா பெரிய விஷயம், மழை பேஞ்சா அதுவும் இல்ல.

வேற என்ன. சம்மணம் போட்டு உக்கார முடியல, கைப்பிடி இடிக்குது. நம்ம ஆளுங்களுக்கு இது முக்கியம், நான் பாதி நேரம் யோசிக்கிறதே சம்மணம் போட்டுத்தான். கைப்பிடிய முழுசா இறக்குனா ஒரு கால் மட்டும் மடக்கலாம், பிசியோ கிட்ட சொல்லிடாதீங்க. வலை கொஞ்சம் தொங்க ஆரம்பிச்சிருக்கு, வலது பக்கம், பழைய ஓனர் வலது பக்கம் சாயுறவர் போல. சீட்டு பஞ்சு மத்தியானம் சூடாகுது, முதுகு மாதிரி சீட்டும் வலையா இருந்திருந்தா ஏர்கான் இன்னும் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டிருப்பேன். ஏழு மணிக்கு மேல நாற்காலி எனக்கு இல்ல, மஞ்சத்தண்ணி தெளிச்ச அதே மாமி ஹாலுக்கு உருட்டிட்டுப் போய் சீரியல் பாக்குறாங்க, இடுப்புக்கு இதமா இருக்காம்.

அஞ்சுக்கு நாலு கொடுப்பேன். கொறச்ச ஒன்னு சிலிண்டருக்கு, அதுவும் கடைக்குத்தான், நாற்காலிக்கு இல்ல. உயரமா இருக்குறவங்க, வேன் வச்சிருக்குற தம்பி இருக்குறவங்க, சுத்தியல் பிடிக்கத் தெரிஞ்சவங்க தைரியமா பழசு வாங்கலாம். சும்மா வீட்டு வாசல்ல இறக்கி வச்சா போதும், ரிப்பேர்னா ஆள் வரணும்னு நினைக்கிறவங்க புதுசே வாங்கிடுங்க, நிஜமா சொல்றேன், இந்த அலைச்சல் உங்களுக்கு ஆகாது.

போறதா இருந்தா முட்டி தெரியுற மாதிரி பேண்ட் போட்டுட்டுப் போங்க, விரல் வச்சு அளக்கணும். சனிக்கிழமைன்னா பன்னெண்டுக்கு முன்னாடி போயிருங்க. அதுக்கு மேல தவுக்கே ஷட்டர பாதி இறக்கிட்டு சாப்பிட உக்காந்துருவார், அப்ப கேட்டா சொன்ன விலையில அஞ்சு வெள்ளி கூட இறங்க மாட்டார்.